ஒரு வீரரும் பல புகழும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகச் செல்லும் பெருந்தெருவில் பெரியநீலாவணையைக் கடந்து செல்வோர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். ஓரூரில் மசூதியின் மினாரா தோன்றும். அடுத்த ஊரிற் கோயிற் கோபுரந் தோன்றும். இரண்டிற்கும் இடையே ஒரு வயலோ, ஒரு வாய்க்காலோ, சிலவிடங்களில் ஒரு குறுக்குத்தெருவோதான் எல்லையாக இருக்கும். பேசும் மொழி எங்கும் தமிழே. தாய்வழியாக வரும் குடிமுறையும் இருசாராரிடத்தும் உண்டு. எனினும், இக்கரையோரத்திலே ஒருவரை இன்னாரென அறிய மொழி மாத்திரம் போதாது. மதம் யாது, ஊர் யாது, குடி யாது என்பனவும் வினவப்படும். ஒரே மனிதருக்குப் பல அடையாளங்கள் உண்டென்பது இங்கு நூல் கற்றோர் மாத்திரம் அறிந்த உண்மையன்று. நாளாந்த வாழ்க்கையில் யாவரும் அறிந்ததொன்றாகும்.

அடையாளத்தைப் போலவே புகழும் இடந்தோறும் வேறுபடும். காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளை எடுத்துக்கொள்வோமாயின், தமிழகத்தார்க்கு அவர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராயமர்ந்தவர். 1947இல் யாழ்நூலை அரங்கேற்றிய இசையறிஞர். இராமகிருஷ்ண சங்கத்தார்க்கு அவர் துறவி. சங்கத்தின் ஆங்கில ஏட்டுக்கு ஆசிரியராயிருந்தவர். கிழக்கிலங்கை மக்களுக்கோ அவர் எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிக்கூடங்களைத் தோற்றுவித்த ஆசான். ஒருவரே மூன்றிடங்களில் மூன்று வகையாகப் போற்றப்படுகின்றார். ஆயினும் இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல. ஒரு மலையை மூன்று திசைகளினின்றும் நோக்குவது போன்றவை.

ஒருவரின் புகழ் ஓரிடத்திற் பெருமையாகவும், வேறோரிடத்தில் ஐயமாகவும், மற்றோரிடத்தில் மனத்தாங்கலாகவும் இருக்குமாயின் அஃது ஆராயத்தக்கது. அத்தகைய புகழுக்கு அண்மைக்கால இலங்கை வரலாறு தரும் தலைசிறந்த எடுத்துக்காட்டு, கண்டியைச் சேர்ந்த கிரிக்கெற் வீரர் முத்தையா முரளிதரன் ஆவர்.

முதற்கண் எவரும் மறுக்காத செய்திகளைக் கூறுதல் முறையாகும். முரளிதரன் 1972ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் கண்டியிலே பிறந்தார். கட்டுகஸ்தோட்டையிலுள்ள புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றார். தொடக்கத்தில் மிதவேகப் பந்து வீசிய அவர், பதினான்காவது வயதளவிற் சுழற்பந்துக்கு மாறினார். 1992ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், கொழும்பு கெத்தாராம அரங்கிலே அவுஸ்திரேலிய அணிக்கெதிராகத் தமது முதலாவது ரெஸ்ற் போட்டியை ஆடினார். 1998இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கெதிரான ஒரே போட்டியில் 16 விக்கெற்றுகளை வீழ்த்தி இலங்கைக்கு வெற்றி தேடித் தந்தார். 2007 டிசெம்பர் 3ஆம் நாள், தாம் பிறந்த கண்டி நகரின் அஸ்கிரிய மைதானத்திலே தமது 709ஆவது விக்கெற்றைப் பெற்று, அவுஸ்திரேலியரான ஷேன் வோணின் சாதனையைக் கடந்தார். 2010 ஜூலை 22ஆம் நாள் காலியில், ரெஸ்ற் வாழ்க்கையின் இறுதிப் பந்தில் 800ஆவது விக்கெற்றை வீழ்த்தி ஓய்வு பெற்றார். ஒருநாட் போட்டிகளில் அவர் பெற்றவை 534. இவ்விரண்டு எண்களையும் இன்றுவரை எவரும் கடந்திலர். 2016இல் அனைத்துலகக் கிரிக்கெற் பேரவையின் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்ட முதல் இலங்கையரும் அவரே.

எண்கள் இவ்வாறு ஐயமற நிற்கின்றன. அவ்வெண்கள் எதனை உணர்த்துகின்றன என்ற வினாவிலேதான் நாடுகள் பிரிகின்றன.

1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் மெல்பேண் மைதானத்திலே, ஐம்பத்தையாயிரம் பேர் காண, நடுவர் டரல் ஹெயர் முரளிதரனின் பந்துகளை ஏழு முறை முறையற்றவை எனக் கூறிக் கை நீட்டினார். முழங்கையை மடக்கிப் பின் நீட்டி எறிகின்றார் என்பதே குற்றச்சாட்டு. பந்தை வீச வேண்டுமேயன்றி எறியலாகாது என்பது கிரிக்கெற்றின் அடிப்படை விதி. ஆதலின் 'எறிபவர்' என்னுஞ் சொல் அவ்விளையாட்டிற் பிழை சுட்டுஞ் சொல் மாத்திரமன்று. நேர்மையைக் குறைகூறும் சொல்லுமாகும். முரளிதரன் மறுமுனையிலிருந்து வீசியபோது, அங்கு நின்ற நடுவர் ஸ்ரீவ் டன் அவரைத் தடுக்கவில்லை. ஒரே கை, ஒரே நாள், ஒரே மைதானம், இரண்டு நடுவர், இரண்டு தீர்ப்பு. பின்னாளில் உலகெங்கும் எழுந்த கருத்து வேற்றுமை முழுவதையும் அந்த ஒரு நாள் தன்னுள் அடக்கியிருந்தது எனலாம்.

அவுஸ்திரேலியர் இவ்விடயத்திற் கடுமை காட்டியமைக்கு நிறவெறியே காரணமென இலங்கையிற் பலர் கூறினர். வரலாற்றை ஊன்றி நோக்குவோர் அவ்வளவில் அமைதல் இயலாது. பந்தெறிதல் பற்றிய வழக்கு அந்நாட்டுக்குப் பழைய புண். அவுஸ்திரேலியாவின் வேகப்பந்து வீச்சாளராகிய இயன் மெக்கிஃப் என்பவர், 1963 டிசெம்பரிற் பிறிஸ்பேணில் நடைபெற்ற போட்டியிலே தம் நாட்டு நடுவராலேயே நான்கு முறை தடுக்கப்பட்டு, அத்துடன் விளையாட்டைத் துறந்தார். தம்மவரையே விதிக்காகப் பலிகொடுத்த நாடு, பிறரையும் அவ்விதிகொண்டே அளக்கும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆயின் அதே வரலாற்றில் இன்னோர் ஏடும் உண்டு. குயின்ஸ்லாந்தின் ஆதிக்குடிகளுள் ஒருவரான எடி கில்பேட் என்னும் வேகப்பந்து வீச்சாளர் 1931 நவெம்பரில் டொனால்ட் பிறட்மனை ஓட்டம் எதுவும் பெறாமலே ஆட்டமிழக்கச் செய்தார். அடுத்த மாதமே மெல்பேணில் நடுவர் ஒருவர் அவரது பந்துகளைப் பதின்மூன்று முறை முறையற்றவை என அறிவித்தார். கில்பேட் அந்நாட்டு அணியில் ஒருபோதும் இடம்பெற்றாரல்லர். மெக்கிஃபை நினைப்பவர்க்கு 1995இன் தீர்ப்பு நடுவுநிலையாகத் தோன்றும். கில்பேட்டை நினைப்பவர்க்கு அது பழைய அநீதியின் தொடர்ச்சியாகத் தோன்றும். இரண்டு நினைவுகளும் அந்நாட்டுக்கே உரியவை. எனவே அவுஸ்திரேலியாவின் கருத்து ஒன்றே என்று கூறுவதும் பிழையாகும்.

முரளிதரனின் வலது முழங்கை பிறவியிலேயே முற்றாக நீளாத அமைப்புடையது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் பல்கலைக்கழகமொன்றிலும் நடைபெற்ற ஆய்வுகள், அவரது கை எறிவது போன்ற தோற்றத்தையே தருகின்றது எனக் கண்டன. எனினும் 1999 ஜனவரியில் அடிலெய்ட் மைதானத்திலே நடுவர் றொஸ் எமெர்சன் அவரை மீண்டும் தடுத்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார். 2004இல் அவர் புதிதாக வீசத்தொடங்கிய 'தூஸ்ரா' என்னும் எதிர்ச்சுழற்பந்து பற்றி முறைப்பாடு எழுந்தது. அளந்தபோது, அப்பந்தில் முழங்கை நீளுங் கோணம் அக்காலத்துச் சுழற்பந்து வீச்சாளர்க்கு விதிக்கப்பட்டிருந்த 5 பாகை என்ற எல்லைக்கு மேற்பட்டிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டு அவரை எறிபவர் என வெளிப்படையாகவே கூறினார். முரளிதரன் அடுத்து நிகழ்ந்த அவுஸ்திரேலியப் பயணத்திற் கலந்துகொள்ளவில்லை.

அதன்பின் நிகழ்ந்ததுதான் கருத்தூன்றி நோக்கத்தக்கது. நுண்ணிய படப்பொறிகள் கொண்டு பலநாட்டு வீச்சாளரையும் ஆராய்ந்தபோது, குற்றமற்ற பாணியினர் எனப் போற்றப்பட்டவர்களும் ஓரளவு முழங்கையை நீட்டியே பந்து வீசுகின்றனர் என்பது புலனாயிற்று. 5 பாகை என்ற எல்லையை உலகில் ஏறக்குறைய எவருமே காக்கவில்லை. ஆகவே 2005 மார்ச்சு மாதம் முதல் எல்லாவகை வீச்சாளர்க்கும் 15 பாகை என்னும் ஒரே எல்லை வகுக்கப்பட்டது. இலங்கையர் இதனை முரளிதரன் குற்றமற்றவர் என்பதற்கு அறிவியல் தந்த சான்றாகக் கொண்டனர். அவரை ஐயுற்றோரோ ஒருவருக்காக விதியே வளைக்கப்பட்டது என்றனர். அறிவியல் கோணத்தை அளந்தது. அளவின் பொருளை அவரவர் நினைவே முடிவு செய்தது. அவரை ஆய்ந்து அவர்பக்கம் நின்ற அறிஞருட் பலர் அவுஸ்திரேலியரே என்பதை இருசாராரும் பெரும்பாலும் மறந்தனர்.

இனி, தென்னிலங்கையின் நோக்கினைக் காண்போர்க்கு மற்றோர் உண்மை வெளிப்படும். இலங்கை 1981இலேதான் ரெஸ்ற் ஆடும் உரிமை பெற்றது. பெரிய நாடுகள் அதனைச் சிறுபிள்ளை எனக் கருதிய காலத்திலே மெல்பேண் நிகழ்ச்சி இடம்பெற்றது. 1996 ஜனவரி இறுதியிற் கொழும்பு மத்திய வங்கியிற் குண்டு வெடித்ததன்பின், உலகக் கிண்ணப் போட்டிக்காகக் கொழும்பு வர அவுஸ்திரேலியரும் மேற்கிந்தியரும் மறுத்தனர். மார்ச்சு 17ஆம் நாள் லாகூரில் நடந்த இறுதிப்போட்டியில் இலங்கை அதே அவுஸ்திரேலியாவை வென்றது. மூன்று மாத இடைவெளியில் நிகழ்ந்த அவமதிப்பும் வெற்றியும் ஒன்றாகக் கலந்து, முரளிதரனின் கை நாட்டின் மானத்துக்கு அடையாளமாயிற்று. போர் நடந்துகொண்டிருந்த நாட்டிலே, பெரும்பான்மைச் சிங்களவரைக் கொண்ட அணியின் தலைவர் ஒரு தமிழருக்காக ஆட்டத்தையே நிறுத்தினார் என்பது சிறிய செய்தியன்று. அக்காலத்தில் ஒரே நாட்டின் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பெருமைகொள்ளத்தக்க பெயர்கள் மிகச் சிலவே இருந்தன, அவற்றுள் இஃதொன்று.

ஆயினும் அப்புகழுக்கு ஒரு விலையும் இருந்தது. முரளிதரனைச் சுட்டி, இந்நாட்டில் இனவேறுபாடில்லை என்று கூறுவோர் தோன்றினர். ஒருவர் உயர்ந்தமை ஒரு சமூகம் உயர்ந்தமைக்குச் சான்றாகாது. இதனை அவர் பிறந்த மலையக மக்களின் வரலாறே காட்டும்.

முரளிதரனின் பாட்டனார் 1920இல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்ய வந்தவர். பின்னர் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிவிட்டார். அவர் மைந்தர் இலங்கையிலேயே தங்கினர். தந்தையார் கண்டிக்கணித்தாயுள்ள குண்டசாலையில் விசுக்கோத்துத் தொழிற்சாலையொன்றை நிறுவினார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அக்குடும்பமும் தாக்குதலுக்குள்ளாயிற்று. இவ்வொரு குடும்பத்தின் கதைக்குப் பின்னால் ஒரு மக்கட் கூட்டத்தின் கதை உண்டு. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனத் தமிழரை இருவகையாகப் பிரித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்தாருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சியோரின் குறையைத் தீர்க்கும் இறுதிச் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. அந்த ஆண்டளவில் முரளிதரன் நானூற்றுக்கு மேற்பட்ட விக்கெற்றுகளை இலங்கைக்காகப் பெற்றுவிட்டார். ஒருபுறம் அவர் நாட்டின் செல்வம். மறுபுறம் அவர்தம் மக்களுள் ஒரு பகுதியினர் அந்நாட்டுக் குடிகளென்ற ஏட்டுச்சான்றும் இல்லாதவர். இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவோர்க்கே அப்புகழின் முழு எடை விளங்கும்.

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் இலங்கைத் தமிழரிடையேயும் தமிழகத்திலும் அவர் பெயர் வேறொரு பாதையிற் சென்றது. 2005இல் அவர் சென்னையிற் பெண்ணெடுத்தார். 2008 முதல் 2010 வரை சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக ஆடினார். சேப்பாக்க அரங்கில் அவரைத் தம்மவர் என வாழ்த்தினர். போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. அதன் இறுதி மாதங்களில் வன்னியில் மாண்டோரின் துயரம் தமிழகத்தைக் கலக்கியது. 2013 மார்ச்சில், இலங்கை வீரர் இடம்பெறும் போட்டிகளைச் சென்னையில் நடத்த இடந்தர இயலாதெனத் தமிழக முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா அறிவித்தார். போட்டி நடத்துவோர் இலங்கை வீரரெவரும் சென்னையில் ஆடார் என முடிவு செய்தனர். அவ்வாண்டு பெங்களூர் அணியிலிருந்த முரளிதரனும் அம்முடிவுக்குட்பட்டார். மெல்பேணில் அவரது கையைத் தடுத்தனர். சென்னையில் அவரது கடவுச்சீட்டைத் தடுத்தனர். தமிழராகப் பிறந்து, தமிழகத்து மருமகனாகியும், அங்கு அவர் முதலில் இலங்கையராகவே எண்ணப்பட்டார்.

மனத்தாங்கல் அவர் கூற்றுகளாலும் வளர்ந்தது. 2013 நவெம்பரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரன் யாழ்ப்பாணஞ் சென்று, காணாமற்போனோரின் உறவினர் குரலுக்குச் செவிசாய்த்து மீண்டபோது, அவர் பிறரால் தவறான வழியிற் செலுத்தப்பட்டிருக்கலாம் என்னுங் கருத்தை முரளிதரன் வெளியிட்டார். காணாமற்போன பிள்ளைகளின் படங்களைக் கையிலேந்தி நின்ற தாய்மாரை நினைந்தோர்க்கு அச்சொல் ஆறாப் புண்ணாயிற்று. 2009இற் போர் முடிந்தமை பற்றி அவர் மகிழ்ச்சி தெரிவித்த பேச்சும் பின்னர்க் கண்டனத்துக்குள்ளானது. அவர் வாழ்க்கையை '800' என்னும் பெயரிற் படமாக்க முயன்றபோது எதிர்ப்பு வலுத்தது. 2020 ஒக்ரோபரில், தம் பொருட்டு ஒரு கலைஞருக்கு இடர் நேரலாகாது என முரளிதரனே வேண்ட, நடிகர் விஜய் சேதுபதி அப்படத்திலிருந்து விலகினார். அச்சம் நீங்கியமையையே தாம் குறித்ததாகவும், மக்கள் மாண்டதைக் கொண்டாடவில்லை எனவும் முரளிதரன் விளக்கமளித்தார். படம் வேறொரு நடிகரைக் கொண்டு 2023இல் வெளியாயிற்று.

இவ்விடத்தில் நடுவுநிலை எளிதன்று. புகழ்பெற்றவரின் சொல்லுக்குப் பிறர் சொல்லிலும் எடை மிகுதி. அச்சொல்லாற் புண்பட்டோரின் துயர் மெய்யானது. அதனை விளையாட்டுச் சாதனை கொண்டு மூடுதல் அறமாகாது. அதேவேளை, மலையகத்துத் தமிழர் ஒருவரின் வாழ்வனுபவம் வடக்குத் தமிழரின் வாழ்வனுபவத்தோடு ஒத்திருக்கவேண்டுமென எதிர்பார்ப்பதும் வரலாற்றறிவுக்குப் பொருந்தாது. கண்டியிற் சிங்களவரிடையே சிறுபான்மையாக வாழ்ந்து, சிங்களத் தோழருடன் ஆடி வளர்ந்த ஒருவரின் அச்சங்களும் நம்பிக்கைகளும் வேறு. தமிழர் என்ற ஒரு சொல் இவ்விருவரையும் குறிக்கும்; ஆனால் இருவரின் வாழ்வையும் ஒன்றாக்கிவிடாது.

இத்தகைய நிலை இலங்கைக்கே உரியதன்று. ஜப்பானிற் பேஸ்போல் என்னும் பந்தாட்டம், இங்கு கிரிக்கெற் பெற்றுள்ள இடத்தைப் பெற்றது. அவ்வாட்டத்தின் பெருவீரர் சதஹரு ஓ. அவர் 1940இல் தோக்கியோவிற் பிறந்தார். தாய் ஜப்பானியர், தந்தை சீனர். 1957இல் அவர் தம் பாடசாலை அணியை நாட்டின் வெற்றியணியாக்கினார். எனினும் அவ்வாண்டின் தேசிய விளையாட்டு விழாவில், ஜப்பானியக் குடியுரிமை இல்லாமையால் ஆட அனுமதிக்கப்படவில்லை. பின்னர் யொமியூரி ஜயன்ற்ஸ் அணிக்காக 868 முறை, பந்தை வேலிக்கப்பால் அடிக்கும் 'ஹோம்ரன்' பேற்றினைப் பெற்றார். 1977 செப்ரெம்பரில் 756ஆவதை அடித்து, அமெரிக்கரான ஹாங்க் ஆரனின் 755 என்ற எண்ணைக் கடந்தபோது, ஜப்பானிய அரசு தேசமக்கள் மதிப்பு விருதைத் தோற்றுவித்து முதன்முதலாக அவருக்கே வழங்கியது. குடியுரிமையின்மையால் ஒதுக்கப்பட்ட சிறுவரே நாட்டின் மாண்பாகக் கொண்டாடப்பட்டார். தாய்வானிலே அவரைச் சீனர் என்றே போற்றினர். அமெரிக்காவிலோ, ஜப்பானிய மைதானங்கள் சிறியன, பந்தெறிவோர் திறன் குறைந்தோர் எனக் கூறி, அவ்வெண்ணைத் தம் கணக்கிற் சேர்க்க மறுத்தோர் பலர்.

முரளிதரனுக்கும் ஓவுக்கும் உள்ள ஒப்புமை எண்களில் மாத்திரம் அமைந்ததன்று. இருவரும் பிறந்த நாட்டில் முழுவுரிமையாளராக எண்ணப்படாத மக்களிலிருந்து வந்தோர். இருவரையும் நாடு வெற்றியின்பின் தன்னவராக்கிக் கொண்டது. வேற்று நாட்டினர், தாம் வகுத்த அளவுகோலை ஒரு புறத்தார் மிஞ்சியபோது, அளவுகோலையா சாதனையையா ஐயுறுவது என்ற வினாவிற்கு ஆளாயினர். ஆரனும் ஓவும் தம்முட் பகைமை பாராட்டவில்லை. பின்னாளில் இருவரும் இணைந்து உலகச் சிறுவர்க்கான பேஸ்போல் விழாவை நடத்தினர். வோணும் முரளிதரனும் அவ்வாறே. இலங்கை, அவுஸ்திரேலிய அணிகள் ஆடும் ரெஸ்ற் தொடருக்குரிய கிண்ணம் 2007 முதல் அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. வீரர்கள் ஒருவரையொருவர் அளந்துகொண்ட முறைக்கும், நாடுகள் அவர்களை அளந்த முறைக்கும் இடையே இத்துணை வேறுபாடு உண்டு.

இனிக் கிழக்குக் கரையோரத்துக்கு மீளலாம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனும் ஊர்களின் கடலோரத் தெருக்கள் சில நிமிடங்களில் அழிந்தன. இலங்கையில் மிகக்கூடிய உயிரிழப்பு நேர்ந்தது அம்பாறை மாவட்டத்திலேயே. மாண்டோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். அலை வந்த வேளையில் மினாராவும் கோபுரமும் ஒன்றாகவே நின்றன. ஊரெல்லை, குடிப்பெயர் எதையும் அலை கேட்டதில்லை.

அன்று காலை முரளிதரன் தென்கரையிலுள்ள சீனிகமவுக்குப் பரிசளிப்பு விழாவொன்றின் பொருட்டுச் சென்றுகொண்டிருந்தார். இருபது நிமிடம் தாமதித்தமையால் உயிர் தப்பினார். அதன்பின் பத்துப் பத்து லொறிகளாக மூன்று தொகுதி உதவிப்பொருள்களைத் தம் செலவிலே தரைவழியாக அனுப்பி, பங்கீட்டையும் தாமே மேற்பார்வை செய்தார். பதினைந்து நாட்களின் பின்னர், 2005 ஜனவரி 10ஆம் நாள், ஆழிப்பேரலையாற் பாதிக்கப்பட்டோர்க்கு நிதி திரட்டும் பொருட்டு ஆசிய அணிக்கும் உலக அணிக்குமிடையே ஒரு போட்டி நடைபெற்றது. அப்போட்டி நடந்த இடம் மெல்பேண் மைதானம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் டிசெம்பர் 26ஆம் நாளில் எந்த மைதானத்தில் ஏழு முறை தடுக்கப்பட்டாரோ, எந்த நாட்டுக்குச் செல்வதை முந்திய ஆண்டிலே தவிர்த்தாரோ, அங்கேயே எழுபதினாயிரம் பேருக்கு முன் அவர் பந்து வீசினார். அன்று எந்த நடுவரும் கை நீட்டவில்லை. வீசிய கை மாறவில்லை; பார்த்த கண்களில் அன்று துயரம் இருந்தது.

அந்நாள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதென எண்ணுதல் கூடாது. அவரை எறிபவர் என்போர் அவுஸ்திரேலியாவில் இன்றும் உளர். அவரது அரசியற் கூற்றுகளை மறவாத தமிழரும் உளர். அவர் பெயரைக் கேட்டவுடன் முகம் மலர்வோர் காலியிலும் கண்டியிலும் ஹற்றனிலும் உளர். ஆயின் 2005ஆம் ஆண்டின் அந்த ஒரு நாள், காண்போரின் நிலை மாறும்போது புகழும் மாறும் என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது.

ஒரு வீரரின் புகழை ஆராய்வோர் உண்மையில் ஆராய்வது அவரை நோக்கிய மக்களின் வரலாற்றையே ஆகும். அவுஸ்திரேலியர் அவரிடத்தே தம் மெக்கிஃபையும் கில்பேட்டையும் கண்டனர். தென்னிலங்கையர் 1996இன் தலைநிமிர்வைக் கண்டனர். மலையகத்தார் தம் தோட்டத்து லயத்திலிருந்து உலகுக்குச் செல்லும் பாதையொன்று உண்டென்பதைக் கண்டனர். வடக்கிலும் தமிழகத்திலும் உள்ளோர், தமக்காகப் பேசியிருக்க வேண்டியவர் பேசவில்லை என்னும் ஏக்கத்தைக் கண்டனர். இவற்றுள் எதுவும் முற்றும் பொய்யன்று; எதுவும் தனித்து முழுமையுமன்று.

தமிழிற் புகழுக்கு இசை என்னும் பெயரும் உண்டு. ஒரே இசை மண்டபத்துக்கு மண்டபம் வேறாக ஒலித்தல் இயல்பு. மொழியாற் தமிழராயும் இனப்பெயரால் முஸ்லிம்களாயும் வாழும் கல்முனைக் கரையோரத்தாருக்கு இவ்வுண்மையை எடுத்துரைத்தல் மிகை. தம்மை ஒரே பெயரில் அடக்க முற்பட்ட பிறரின் கணக்குகளை அவர்கள் நெடுங்காலமாக அறிவர். வள்ளுவர் புகழை ஓர் அதிகாரமாக வகுத்தது ஈகைக்கு அடுத்த இடத்திலேயாம். 800 என்னும் எண்ணை எந்த நாடும் அழிக்க இயலாது. அதற்கு எந்த நாட்டின் சான்றும் வேண்டியதில்லை. அவ்வெண்ணுக்கு அப்பால் அவர்தம் பெயரோடு நிற்பவற்றுள், அலையின்பின் அனுப்பிய லொறிகளும் உள, புண்படுத்திய சொற்களும் உள. அவற்றை ஒருங்கே எழுதிவைக்கும் துணிவே, நாளை இக்கரையோரப் பள்ளிகளில் இத்தீவின் வரலாற்றைக் கற்பிப்போர்க்கு வேண்டப்படுவது.